ஒரு குதிரைத்திறன் வெந்நீர்

மயிலாப்பூரில் மோட்டார் வாங்க ஒரே விதிதான்: பக்கத்து வீட்டுக்காரனுடையதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். தெருக்குழாயில் வரும் நாலு சொட்டு பெரிய மோட்டாருக்குத்தான் மசியும். இந்த ஞானத்தில் ஊறிய எட்டு வீட்டுச் சங்கம், மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தபோதும் அதையே கையில் எடுத்தது.

தொட்டியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வெந்நீர் வருவதற்குள் இரண்டு வாளி பச்சைத்தண்ணீர் வீணானது. குழாயில் ஆறி நிற்கும் நீரைத் தொட்டிக்கே திருப்பிச் சுற்றவிட ஒரு பம்ப் தேவைப்பட்டது. செயலாளர் அனந்தராமனுக்கு இதில் சொந்த அவசரமும் உண்டு. மார்கழி வந்தால் மனைவி விசாலாக்ஷியின் விரல்கள் மரத்துப்போகும். வெந்நீரில் ஊறினால்தான் வீணை படியும். பன்னிரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு கச்சேரி கிடைத்திருந்தது, காலை எட்டு மணிக்கு. குழாயைத் திறந்தால் வெந்நீர் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

சிந்தாதிரிப்பேட்டை பிளம்பர் மண்ணாங்கட்டி, உள்ளங்கை அளவு பம்ப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.

"இது இன்னா மெட்ரோ வாட்டரா சார், இஸ்துக்கினு வர்றதுக்கு? சொம்மா சுத்தி உட்டா போதும். பெர்சு போட்டா தொட்டில சூடும் பச்சையும் கலந்து ஆறிப்பூடும்."

சங்கம் சிரித்தது. கோபாலபுரத்தில் யாரோ அரைக் குதிரைத்திறன் போட்டிருக்கிறார்களாம். நமக்கு ஒன்றாவது வேண்டாமா? மண்ணாங்கட்டி சொல்வதுதான் சரி என்று அனந்தராமனுக்குத் தெரியும். ஆனால் இத்தனூண்டு பம்புக்குப் பரிந்து பேசினால் கஞ்சன் என்பார்களே என்று பெரியதற்கே முதல் ஆளாகக் கை தூக்கினார். இரவெல்லாம் ஓடட்டும் என்றும் தீர்மானமாயிற்று.

கச்சேரி நாள் விடிந்தது. குழாயைத் திறந்ததும் நீர் பீறிட்டு வந்தது, ஆறிய ரசம் போல. இரவு முழுக்க எட்டு வீட்டுச் சுவருக்கும் சூட்டைக் கொடுத்துவிட்டு வந்த நீர் அது. விசாலாக்ஷி அடுப்பில் பாத்திரம் வைக்கப் போனாள். "இதோ வந்துடும்" என்று அனந்தராமன் தடுத்தார். கால் மணிக்கொரு தரம் அதையே சொன்னார். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. காபி டம்ளரை இரு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே கிளம்பினாள். மூன்றாவது கீர்த்தனையில் விரல் வழுக்கியது. அரை மணி முன்பே மங்களம் வாசித்து முடித்தாள்.

மாலையில் சங்கம் கூடி நோயைக் கண்டுபிடித்தது: சக்தி போதவில்லை, இரண்டு குதிரைத்திறன் வேண்டும். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அனந்தராமனின் கையும் பழக்கதோஷத்தில் பாதி உயர்ந்தது. வாசலோரம் விசாலாக்ஷி நின்றிருந்தாள்.

"நன்னா தூக்குங்கோ," என்றாள். "உங்களுக்காவது கை வேலை செய்யறதே."