வாரேன் என்று சொன்னவள்

பாண்டியராஜன் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தான். பின்னால், கயிற்றில் இழுத்துவரப்பட்ட கிடா மாதிரி, திருவேங்கடம் ஊர்க்காரன் வெள்ளத்துரை.

"வே மாப்ள, செத்துப்போன பிள்ளையக் கச்சேரிக்கு அனுப்பி வைக்கீரா?"

ஃபோனை மேசையில் அறைந்தான். திரையில் அவன் தங்கை பொன்செல்வி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் 'வாரேன்.'

மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த தங்கை புருஷன் இசக்கிராஜா ஃபோனைத் தன் பக்கம் திருப்பினான்.

"நீ சொல்லுலே, வெள்ளத்துரை."

"நான் என்னத்தக் கண்டேன் அண்ணாச்சி? ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரிக்குத் துணைக்கு ஆள் வேணும்னு இவரு செஞ்ச ஃபோன் ஆப்புல போட்டேன். இந்தப் பிள்ள வாரேன்னுச்சு. பக்கத்துல துண்டப் போட்டு இடம் பிடிச்சு வச்சேன். வாரவன் போறவன்லாம், 'யாருக்குலே இடம்?'னான். போட்டோவக் காட்டினேன்."

"ஊர் பூராக் காட்டிருக்கான் வே! டீக்கடையில எங்கிட்டயே காட்டுதான், 'இந்தப் பொம்பள ஏமாத்திட்டா'ன்னு. பல்லப் பேத்திருப்பேன்."

நடந்தது இதுதான். கச்சேரிக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குத் துணை தேடித் தரும் செயலியை இசக்கிராஜா செய்யத் தொடங்கியபோது, அதன் கேள்விகளுக்கு முதல் ஆளாகப் பதில் எழுதியவள் அவன் மனைவி பொன்செல்வி. சோதித்துப் பார்க்க, யார் கூப்பிட்டாலும் அவள் பெயரில் 'வாரேன்' என்று தானாகவே பதில் போகும்படி வைத்திருந்தான். பிறகு காய்ச்சல் வந்தது. அவள் போய்விட்டாள். செயலியை வெளியே விட்டபோது அவள் பக்கத்தை எடுக்க மறந்தான் என்றால் பொய். கை போகவில்லை. தானாகப் போகும் பதிலை மறந்தது மட்டும் நிஜம்.

"அழிச்சிரும்" என்றான் பாண்டியராஜன்.

"பதில நிறுத்திருதேன். யாரு கண்ணுலயும் படாம வச்சுக்கிடுதேன்."

"வச்சு? பூப்போட்டுக் கும்பிடவா? ஒம்ம யாவாரத்துக்கு என் தங்கச்சி மூஞ்சி கேக்குதோ?"

"அவ எழுதினது வேற எங்கயும் இல்ல மச்சான்."

"என் கண்ணு முன்னால அழியும் வே. இல்லன்னா இந்த டப்பாவத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிருவேன்." மடிக்கணினியில் கை வைத்துவிட்டான்.

"போட்டோவ மட்டும் எடுத்தாப் போதாதா அண்ணாச்சி?" என்றான் வெள்ளத்துரை.

"நீ வாய மூடுலே. துண்டு போட்ட மூதி."

இசக்கிராஜா பக்கத்தைத் திறந்தான். எங்கே உட்காரப் பிடிக்கும்? 'ஸ்பீக்கருக்கு எட்ட.' கூடவே பாடுவீர்களா? 'பாடுவேன். சுதி கேக்கக் கூடாது.' கீழே வரை மெதுவாக இறக்கிப் படித்தான். பாண்டியராஜன் தோளுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றான். நிச்சயமாக அழிக்கலாமா என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியவனும் இசக்கிராஜாதான். அமுக்கினான். திரை வெள்ளையானது.

வெள்ளத்துரை முதலில் இறங்கி ஓடினான். பாண்டியராஜன் நாலு படி இறங்கியவன் நின்றான்.

"கடைசியில என்னமோ நீளமா எழுதிருந்தாளே. எனக்குக் கண்ணுக்கு எட்டல. என்னது அது?" குரலில் முறுக்குக் குறையவில்லை.

உங்களுக்குத் துணை எதற்கு என்பது கடைசிக் கேள்வி. 'அண்ணன் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லும். நான் பூ வச்சுச் சேல கட்டி நிப்பேன். அது வராது.' இசக்கிராஜாவுக்கு எழுத்து எழுத்தாக மனப்பாடம். சொன்னால் இவன் படியிலேயே உட்கார்ந்து அழுவான். அழுதால் அவள் எழுதியதில் பாதி இவனுக்குப் போய்விடும்.

"அழிச்சாச்சே மச்சான்."

"ஒமக்குத் தெரியும் வே."

"தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.