திருப்பிக் கொடுத்த சத்தியம்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில், ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கண்டியிலிருந்து மருத்துவச்சியாக வந்தவள் கிறேஸ். மூன்றாம் மாதம், தலைவலிக்கு மருந்து கேட்டு வந்த கொழுந்து எடுக்கும் பெண் பரிமளம், குடித்து முடித்த பிறகும் போகாமல் நின்றாள். பதினாறு வயதிலிருந்தே செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்துபோகிறதாம். புருஷன் தங்கமானவன், பிள்ளைகளும் சுகம். அப்படியிருந்தும் கொழுந்து எடுக்கும்போதுகூட அது கூடவே வருகிறதாம்.

கிறேஸ் பயந்துபோனாள். அந்தோனியார் படத்தைத் தொடவைத்து, இனி அப்படி நினைக்கவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

அதன் பிறகு பரிமளம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. பூசைக்கும் போவதில்லை என்று அவள் புருஷன் கபிரியேல் சொன்னதும் கிறேசுக்குப் பழைய பயம் திரும்பியது. உடனே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறிப் போனாள்.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பரிமளம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மறுநாளே அந்த நெனப்பு வந்துருச்சும்மா. சத்தியத்த ஒடச்சுப்புட்டு எந்த மூஞ்சியோட ஒங்ககிட்ட வாறது?”

கிறேஸ் பக்கத்தில் குந்தினாள். தன் பயம் தீரத்தான் அந்தச் சத்தியத்தை வாங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“தப்பு என்னோடது. அந்தச் சத்தியத்த நான் திருப்பித் தாறேன். நெனப்பு வந்தா வந்து சொல்லு. ஏசமாட்டேன்.”

“தெனமும் வந்தா?”

“தெனமும் வா.”

பரிமளம் சுளகைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுது முடியும்வரை கிறேஸ் பக்கத்திலேயே இருந்தாள்.

அதிலிருந்து அந்திக்குக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்ததும் பரிமளம் ஆஸ்பத்திரிக்கு வருவாள். காய்ச்சலைக் கேட்பதுபோல, நினைப்பு இன்றைக்கு லேசா கனமா என்று கிறேஸ் நேராகவே கேட்பாள். கனம் என்றால் போகவிடமாட்டாள். காயத்துணி மடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கபிரியேலுக்கு ஆள் அனுப்புவாள். அவன் வந்து கூட்டிப்போய், அன்று முழுக்க அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்வான். சில மாதம் நினைப்பு எட்டியே பார்க்காது. மழைக்காலத்தில் திரும்பவும் வரும். அப்போது கிறேசுக்கும் மனம் சோரும். ஆனாலும் மறுநாளும் கேட்பாள்.

ஏழு வருஷம் கழித்துக் கிறேசுக்குக் கண்டிக்கு மாற்றம் வந்தது. பரிமளத்தை நினைத்துத்தான் அவளுக்குக் கவலை. ஆனால் வழியனுப்ப வந்த பரிமளம் தனியாக வரவில்லை. லயத்தில் அடுத்த அறையான பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வடிவம்மா அவள் கையைப் பிடித்திருந்தாள்.

“நேத்து இவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்மா,” என்றாள் பரிமளம். “பயந்தா. ஆனா எந்திரிச்சுப் போகல.”