முன்சீட்டுக்குக் கொடுத்த பணம்

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ஒட்டகத்துக்குக் குட்டை தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். பதினாலு மாதமாக அதில் ஒரு காசு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

ஒட்டகம், குட்டை இரண்டும் கட்டட வேலையில் ஒட்டிக்கொண்ட பெயர்கள். இருவரும் கம்பி கட்டுகிறவர்கள். நீளக் கம்பிகளை முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் என்று தோளில் ஏற்றிப் பதினோரு வருடம் ஜோடியாகச் சுமந்தவர்கள். ஒருவன் ஆறடியைத் தாண்டியவன், மற்றவன் ஐந்தடியைத் தொடாதவன். "இவனுங்க தூக்கிட்டுப் போற கம்பில தண்ணிய ஊத்தினா நேரா குட்டை காதுக்குள்ளதான் போகும்" என்று கொத்தனார் சிரிப்பார். பாரம் குட்டையின் பக்கம் சரிந்துவிடக் கூடாதே என்று ஒட்டகம் முதுகை வளைத்துத்தான் நடப்பான். பதினோரு வருடமும் அப்படித்தான் நடந்தான்.

குட்டையின் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தபோது ஆஸ்பத்திரியில் கட்டக் குறைந்த தொகையைக் கொடுத்தது ஒட்டகம். கடன் என்று தெரிந்தால் கட்டிலிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்துவிடுகிறவள் அவள். அதனால், "காண்ட்ராக்டர் சும்மா குடுத்தாரு" என்று குட்டை சொல்லிவைத்தான். அவளும் முகம் பார்த்திராத அந்தக் காண்ட்ராக்டரைத் தெய்வத்தின் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

மூன்றாம் மாதம் ஒட்டகத்துக்கு முதுகுத் தட்டு விலகியது. படுக்கையில் விழுந்தான். போய்ப் பார்க்கவேண்டும். ஆனால் வாங்கின காசு கையில் இல்லாமல் எப்படிப் போவது? அடுத்த வாரம் போகலாம் என்று குட்டை தள்ளினான். அடுத்த வாரமும் தள்ளினான். தள்ளத் தள்ள, காசு இல்லாத வெட்கத்தோடு இத்தனை நாள் போகாத வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஒட்டகம் மூன்று தடவை போன் செய்தான். குட்டை எடுக்கவில்லை. அப்புறம் போன் வருவதும் நின்றுவிட்டது. "அந்த அண்ணனைப் போய்ப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். "அவன் தம்பி வீட்டோட போய்ட்டான், ரொம்ப தூரம்" என்று சொல்லி அந்தப் பேச்சையும் மூடினான்.

பேருந்து ஊரைத் தாண்டித் திரும்புகிற வளைவில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. பெரிய இடமில்லை. ஒரு ராட்டினம், ஒரு தண்ணீர்ச் சறுக்கு, இரண்டு ரோலர் கோஸ்டர். அலுவலகம் கூட்டித் துடைக்கப் போகிற மனைவி, அவற்றில் பெரியதன் நீலத் தண்டவாளத்தைத் தினமும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள், "பொழச்சு எந்திரிச்சா அதுல ஒரு தடவை ஏறணுங்க" என்றாள். பிழைத்து எழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே டிக்கெட்டுக்குக் காசு சேர்த்துவைத்து அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் பழக்கத்துக்காகப் பிள்ளைகள் ஏறும் புழு ரயிலில் உட்கார்ந்தார்கள். மனைவியின் முழங்கால் தாடையை இடித்தது. குட்டைக்கு மட்டும் அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

"உங்களுக்கு அரை டிக்கெட்டே போதும்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள்.

பிறகு நீலத் தண்டவாளத்தின் வரிசைக்குப் போனார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, இதெல்லாம் தாங்குமா?"

"இதுல ஒரு கம்பியும் நான் கட்டினதில்ல. அந்தத் தைரியத்துலதான் ஏறுறேன்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் வண்டியில் உட்கார்ந்தார்கள். மடிமேல் இரும்புப் பட்டையை இறக்கிவிட ஒரு நீளக் கை வந்தது. மஞ்சள் சட்டை, இடுப்பில் அகலமான பெல்ட். குட்டை கையைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"அண்ணே! நீங்களா!" மனைவி கூவினாள். "தம்பி வீட்டோட போய்ட்டீங்கன்னு இவரு சொன்னாரே?"

ஒட்டகம் குட்டையை ஒரு கணம் பார்த்தான். "ஆமாம்மா, போயிருந்தேன். வந்து ரெண்டு மாசமாச்சு. பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க, அதான் இந்த வேலை. உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"அந்தக் காண்ட்ராக்டர் புண்ணியத்துல நல்லா இருக்கேண்ணே. அவரு மட்டும் காசு குடுக்கலைன்னா நான் இன்னைக்கு ஏது?"

"ஆமாமா" என்றான் ஒட்டகம். "நல்ல மனுஷன்."

பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தான். கட்டின முடிச்சை இழுத்துப் பார்ப்பதும் அவன் அப்படித்தான்.

ரயில் சங்கிலியில் கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்று கவிழ்ந்தது. மனைவி "ஐயோ ஐயோ" என்று சிரிப்பும் அலறலுமாகக் கத்தினாள். குட்டைக்குப் பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கீழே அந்த மஞ்சள் சட்டை தெரிந்தது. பேசாமல் இப்படியே சுற்றிக்கொண்டே இருந்தால் தேவலை என்று நினைத்தான். ரயில் நின்றுவிட்டது.

இறங்கியதும் அவனுக்கு ஒரு வேகம் வந்தது. சட்டைப் பையில் முந்தின நாள் வாங்கின வாரக் கூலியிலிருந்து இரண்டாயிரம் இருந்தது. இப்போதே கொஞ்சம் கொடுத்துவிட்டால் நெஞ்சு ஆறும். மனைவி முன்னால் போகட்டும் என்று பின்தங்கி, கம்பித் தடுப்புக்கு மேலாக எக்கி, மடித்த நோட்டை ஒட்டகத்தின் கையில் திணித்தான்.

"டேய், இங்க வேணாம். எடுத்துக்கோ."

"பிடிடா. இதாவது பிடி."

"சொன்னா கேளு, பாக்கறாங்க!"

இவன் திணிக்க, அவன் தள்ள, வரிசையே திரும்பிப் பார்த்தது. ஊழியர்களிடம் பணம் கொடுக்கக் கூடாது என்று தடுப்பிலேயே பலகை தொங்கியது. முன்சீட்டு வேண்டுமென்றும், வரிசையைத் தாண்டவேண்டுமென்றும் காசு நீட்டுகிறவர்கள் அங்கே அதிகம். போன மாதம்தான் அதற்காக இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். குட்டையின் கண்ணில் பலகை பட்டிருந்தது. ஆனால் அது தனக்கு இல்லை என்று நினைத்துவிட்டான்.

சூப்பர்வைசர் வந்து நோட்டைப் பிடுங்கினான். "எத்தனை நாளா நடக்குது இது? சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு ஆபீசுக்கு வா."

ஒரே வார்த்தையில் ஒட்டகம் தப்பித்திருக்கலாம். நாலு அடி தள்ளி நின்று திரும்பிப் பார்க்கிற குட்டையின் மனைவியைப் பார்த்தான், பட்டனில் கை வைத்தான்.

"சார், பழக்கத்துல குடுத்தது" என்றான் குட்டை.

"பழக்கத்துல ரெண்டாயிரமா?" வரிசையில் ஒருவன் சிரித்தான். "எங்களோட பழகுங்கப்பா!"

இரண்டாவது பட்டனும் கழன்றது. மனைவி பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள்.

"கடன் சார்" என்றான் குட்டை. குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"கடன் சார்! இவ ஆபரேஷனுக்கு இவன்கிட்ட வாங்கினது. காண்ட்ராக்டர் ஒண்ணும் குடுக்கலை. பதினோரு மாசமா நான் இவன் கண்ணுல படாம திரிஞ்சேன். இவன் படுத்துக் கிடந்தப்பகூடப் போய்ப் பாக்கலை. இவன் மேல தப்பில்ல சார்."

"கடங்காரனுக்கு ரயில் கேக்குதாம்" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். பிள்ளைகுட்டியோடு நின்றவர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் நம்பவில்லை. ஒட்டகத்தைத் தள்ளிக் கூட்டிப்போய் எவ்வளவு என்று கேட்டான். திரும்பி வந்து குட்டையிடம் கேட்டான்.

"எட்டாயிரத்து அறுநூத்தி நாப்பது."

கடைசி நாற்பதுவரை ஒத்துப்போனதில் சூப்பர்வைசரின் முகம் மாறியது. "பட்டனைப் போடுய்யா" என்றான் ஒட்டகத்திடம். நோட்டைக் குட்டையின் கையில் வைத்தான். "கடனைக் கட்ட வீடு வாசல் இல்லையா? இந்த ஆளு பொழப்புலயா வந்து கட்டுவே?"

திரும்புகையில் பேருந்தில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "குடுத்த மனுஷன் முன்னாடியே நின்னு இன்னொருத்தனை வாழ்த்த வச்சிட்டீங்களே. அவரும் ஆமாமான்னாரே. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு."

அன்று மாலையே குட்டை ஒட்டகத்தின் வீட்டுக்குப் போய் இரண்டாயிரத்தைக் கொடுத்தான். அதன்பின் சனிக்கிழமைதோறும் நானூறு. ஒற்றை அறை வீடு. ஒட்டகத்தின் மனைவி ஸ்டூலை இழுத்துப் போடுவாள், தேநீர் தருவாள். ஒட்டகம் எண்ணிப் பார்ப்பான், "சரி" என்பான். புதுக் கட்டடம் எத்தனை மாடி, கொத்தனாருக்குப் பல் விழுந்ததா என்று விசாரிப்பான். அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லமாட்டான். நாலு வார்த்தை திட்டினால் தேவலையே என்று குட்டை ஒவ்வொரு சனியும் காத்திருந்து, திட்டு வாங்காமலே எழுந்து வந்தான். தெருவில் தலை நிமிரவில்லை.

பதினேழாவது சனிக்கிழமை மிச்சம் இருநூற்று நாற்பது. ஒட்டகம் வாங்கி இரண்டு தரம் எண்ணினான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இனி எனக்கு நீ ஒண்ணும் தரவேண்டியதில்ல?"

"இல்ல."

ஒட்டகம் சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "காசு பாக்கி இருக்கையில திட்டினா காசுக்குத் திட்டினதா ஆயிடும்னு பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்டா, நாயே! திரும்பிப் படுக்க முடியாம நாலு மாசம் கிடந்தேன். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா நீதான்னு நெனைப்பேன். காசா கேட்டேன் உன்கிட்ட? மூணு தடவை போன் பண்ணினேனே, எதுக்குன்னு நெனச்சே? இவளால என்னைத் தூக்கி உக்கார வைக்க முடியலை. நீ வந்து ஒரு கை பிடிப்பேன்னுதான்டா கூப்பிட்டேன்!"

குட்டை ஸ்டூலை விட்டு எழுந்தான். கும்பிடுவதா, ஓடுவதா என்று தெரியவில்லை.

"எங்க எந்திரிக்கிறே? உக்காரு. நான் இன்னும் முடிக்கலை."

குட்டை உட்கார்ந்தான்.