பொறாமைக்காரன் சொன்ன நேரம்

"கல்பிட்டியில இருந்து கொழும்பு வரைக்கும் தேடினாலும், பொறாமையால ஒரு உசிரக் காப்பாத்தின ஆள் நான் ஒருத்தன்தான்!" என்றார் றஊப்.

பக்கத்து வீட்டு நஸீரை நோய் விசாரிக்க வந்து விறாந்தையில் இருந்தவர்கள் பிளேன்ரீ சிந்தச் சிரித்தார்கள்.

"பச்சப் பொய்," என்றார் நஸீர். பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போய், போன கிழமைதான் திரும்பியவர். பேச்சு வந்ததும் அவர் செய்த முதல் வேலை றஊபை மறுத்துப் பேசியதுதான்.

இத்தனை பேர் அவரைப் பார்க்க வந்ததும் றஊபுக்கு எரிந்தது. நோயிலும் இவனுக்கு யோகம்! வந்தவர்கள் கொண்டுவந்த தோடம்பழங்களைக் கொட்டினால் கடலோரக் களப்பே நிரம்பிவிடும்.

எரிச்சல் தொடங்கியது ஒரு கதிரையால். கட்டாரிலிருக்கும் மகன் நஸீருக்கு உடம்பு பிடித்துவிடும் மின்சாரக் கதிரை அனுப்பியிருந்தான். அது உறுமினால் குறிஞ்சிப்பிட்டி ஊர்த் தென்னைகளில் குரும்பட்டி உதிரும். றஊபின் மகன் அனுப்பியதோ ஒரு சுவர்க்கடிகாரம், அதுவும் ஓடாதது. பின்னேரமானால் கிடுகு வேலி ஓட்டையில் கண்ணை வைத்து, நஸீர் அந்தக் கதிரையில் ஆடுவதைப் பார்த்து வெந்துகொண்டிருப்பார் றஊப். அந்த வெக்கையில் கருவாடு காயவைத்திருக்கலாம்.

நோய் வந்த அன்றும் அப்படித்தான். பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் நஸீரின் வாய் ஒரு பக்கமாய்க் கோணியது. இடது கை ஈரத் துணிபோல் தொங்கியது. றஊப் வேலியைத் தாண்டவில்லை. வேலியோடேயே உள்ளே போய் விழுந்தார். விழுந்த கையோடு ஆம்புலன்சுக்கு அழைத்தார்.

நித்திரையிலிருந்து எழும்பி ஓடிவந்த நஸீரின் மனைவி உம்மு குல்சூம், "அல்லாஹ்வே, கண்ணூறு!" என்று கத்தியபடி, ஓதி ஊதிய சீனித்தண்ணியைப் புருஷனின் வாயருகே கொண்டுபோனாள். ஊரில் யார் விழுந்தாலும் முதல் வைத்தியம் அதுதான்.

"வாயால ஒண்டும் குடுக்க வாணாம்!" கைபேசி ஒலிபெருக்கியில் பேசிய ஆம்புலன்ஸ்காரப் பெண் பதறினாள். "விழுங்க ஏலாம நெஞ்சுக்குள்ள போயிடும். சரிச்சுப் படுக்க வைங்க."

றஊப் கோப்பையைத் தட்டிவிட்டார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தவர்?" என்று கேட்டாள் அந்தப் பெண். " நேரம் தெரியாட்டி ரத்தக்கட்டி கரைக்கிற ஊசி போடுறது கஷ்டம்."

உம்மு குல்சூம் கையை விரித்தாள். "பகல் லுஹர் தொழுதிட்டுப் படுத்தனான். எனக்குத் தெரியாதே!"

றஊப் சரிந்து கிடந்த வேலியைப் பார்த்தார். சொன்னால் வேலி ஓட்டை ஊருக்கே தெரியும்; கண்ணூறு போட்டவன் என்ற பட்டமும் வரும். சொல்லாவிட்டால் நஸீர் தொங்கிய கையோடு கிடப்பான்.

"அஸர் பாங்கு சொல்லக்குள்ள நல்லா இருந்தான்! நான் பாத்தேன். ஒவ்வொரு நாளும் பாக்கிறேன்!"

"அப்ப உங்கட கண்ணுதானா நானா!" என்று அலறினாள் உம்மு குல்சூம்.

ஆம்புலன்ஸ் நஸீரை ஏற்றிக்கொண்டு சைரனோடு பறந்தது. கொழும்பு பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்து, றஊபுக்கு அதிலும் வயிறெரிந்தது.

றஊப் இவ்வளவையும் சொல்லி முடித்தபிறகும் விறாந்தையில் நஸீர் மட்டும் விடவில்லை. "கிடுகு வேலிக்கு அங்கால இருந்து என்னடா தெரியும்? என்னத்தப் பாத்த, சொல்லு பாப்பம்!"

"சொல்லட்டா? மச்சி இரிக்கிறாங்க," என்று உம்மு குல்சூமைக் காட்டினார் றஊப்.

"சொல்லு!"

"பாங்கு சொல்லக்குள்ள சாரன் மடியில இருந்து தொதல் இனிப்பு எடுத்தாய். வலது கையில ஒரு துண்டு, இடது கையில ஒரு துண்டு. சீனி வருத்தக்காரன் ரெண்டு கையாலயும் தின்னுறான், எனக்கு ஒரு துண்டு நீட்டுறானில்லையே எண்டு எரிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன்!"

உம்மு குல்சூம் புருஷனையே பார்த்தாள்.

நஸீர் தேறிவந்த இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் மச்சான்," என்றார். "நடந்ததுதான்."