கடல் பக்கத்து மேடு

"அங்க தண்ணி வராதுல்ல?" என்று கேட்டேன்.

"இந்தத் தீவுலயே ஒசந்த இடம் அதுதான் மகரிதே. நானே அளந்திருக்கேன்" என்றார் என் கணவர் பவுரோ.

எங்கள் மகள் அகினேதேயைப் பாயில் சுற்றிக் கிடத்தியிருந்தபோது நடந்த பேச்சு இது. வயிற்றுப்போக்கு. தலைநகர் தராவாவிலிருந்து படகு வருவதற்குள் பிள்ளை போய்விட்டாள்.

பவுரோவின் அண்ணன் தாபுவா அதற்குள் குழி வெட்டத் தொடங்கியிருந்தார். எல்லோரும் செய்வதுபோல வீட்டு வாசலில், பெரியவர்களின் கல்லறைகளுக்குப் பக்கத்தில். பவுரோ போய் மண்வெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வீடு தீவின் உள்பக்கம், அலையில்லாத காயல் கரை, தாழ்ந்த நிலம், தோண்டினாலே தண்ணீர் ஊறும், பிள்ளையை அதில் வைக்க வேண்டாம் என்றார். கடல் பக்கத்தில், புயல்கள் பவளக் கல்லைக் கொட்டிக் கொட்டி உயர்த்திய மேட்டில் வைக்கலாம் என்றார். படித்தவன் சொல்கிறான் என்று அண்ணன் விட்டுவிட்டார். அன்றைக்கு என் கணவரிடம் எனக்குக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. அந்த உயரத்தைத்தான் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பவளத்திட்டைத் துளைத்து, உருளை உருளையாகப் பாறையை எடுத்து, எங்கள் தீவு எப்போது எப்படி எழும்பியது என்று பார்ப்பது அவர் வேலை. பிள்ளை போன பிறகு அந்த வேலையில் மூழ்கிப்போனார். உலகப் போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களையும் புதிய படங்களையும் வைத்து வருஷக்கணக்காக ஒப்பிட்டார். கடைசியில் ஒரு நாள் ஊர் மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தீவு சிறுக்கவில்லை என்று சொன்னார். கடல் பக்கத்தில் அலை அரிக்கிற கல்லும் மணலும் புயலில் இந்தப் பக்கம் வந்து விழுகின்றன, காயல் கரை வளர்கிறது, தீவு மெல்ல நகர்கிறது என்றார்.

"அப்ப நம்ம தீவு நடக்குதுங்கற" என்றார் தாபுவா. "எனக்குத்தான் முட்டிவலி. அதுக்கு ஒண்ணும் இல்ல போல."

மண்டபமே சிரித்தது. மூழ்கிவிடுவோம் என்று கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு அது நல்ல சேதி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீவு எந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நடக்கிறது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பவுரோ என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கூட்டம் கலையும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் மேட்டில் சுவர் கட்ட ஆரம்பித்தார். கடல் வற்றும்போது வெளியே தெரியும் பாறைத் தளத்திலிருந்து யாரும் கல் எடுக்கக் கூடாது, அந்தக் கல்தான் நாளைக்கு நம் கரை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தள்ளுவண்டியோடு அங்கேயே போய்க் கல் பொறுக்கினார்.

"அடுத்தவன் எடுத்தா திருட்டு, நீ எடுத்தா ஆராய்ச்சியாடா?" என்றார் தாபுவா. சொல்லிவிட்டு அவரே வந்து வண்டியைத் தள்ளினார்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தினமும் காலையில் அவர் மேட்டுக்குப் போய்க் கல்லறைமேல் உதிர்ந்த தாழை ஓலைகளைப் பெருக்கிவிட்டு வருவார். வந்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். நீங்கள் காட்டிய இடம் தப்பு என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வேன்? விழுங்கிக்கொண்டேன்.

இந்த வருஷம் மேற்குக் காற்றும் பெரிய அலையும் சேர்ந்து வந்தன. சுவர் நின்றது. அதில் மோதித் திரும்பிய அலை, சுவர் முடியும் இடத்தில் மேட்டைக் குடைந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது கல்லறைச் சிமெண்டின் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது.

பவுரோவோடு வேலை செய்ய பிஜியிலிருந்து வந்திருந்த லிதியாவும் அளவு நாடாவோடு பின்னாலேயே வந்துவிட்டாள். சின்னப் பெண், புதியவள். அவள் சரிவின் கீழே நின்றாள். மேலே இருந்த சிமெண்ட் அங்கிருந்து தெரியாது.

"நாம துளைபோட்டுத் தேடுறத கடலே வெட்டிக் காட்டிருச்சுண்ணே" என்றாள் சந்தோஷமாக.

பவுரோ நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். பழக்கத்தில் பிடித்தார் என்று நினைக்கிறேன். இந்தக் கல் அடுக்கு ஒரு புயல், இந்த மணல் அமைதியாக இருந்த காலம் என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நாடா நகர்ந்து மூலைக்கு வந்தது.

"இங்க மட்டும் ஏண்ணே அடுக்கே இல்லாம எல்லாம் கலைஞ்சு கெடக்கு?"

நாடா பவுரோவின் கையிலிருந்து நழுவியது.

"அது எங்க பிள்ளைம்மா" என்றார் தாபுவா. "அவளுக்காகத் தோண்டி மூடுன எடம்."

லிதியா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பவுரோ அண்ணனிடம் வேகவேகமாகப் பேச ஆரம்பித்தார். சுவரை இன்னும் நீட்டலாம், அடுத்த பெரிய அலை வருவதற்குள் முடித்துவிடலாம், வண்டி இருக்கிறது, கல்லும் கிடக்கிறது என்றார். பவுரோ வண்டியை எடுக்கத் திரும்பினார். நான் அதன் முன்னால் போய் நின்றேன்.

"கல்லு வேணாங்க" என்றேன். "அவள வெளிய எடுங்க. வேற யாரும் தொட வேணாம், நீங்களே எடுங்க. வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிரலாம்."