பின்னால் போகும் இன்ஜின்

என் தங்கை பதினான்கு மாதம் செதுக்கிய ரயில் இன்ஜினுக்கு நான் சொன்ன விலை, ஓர் இரட்டைக் கதவின் விலை. மட்டம் தட்டிச் சொல்லவில்லை. எங்களுடையது கதவுக் கடை. தேக்குப் பலகை எந்த உருவத்தில் வந்தாலும் என் வாயில் கதவாகத்தான் விழும். வேலைப்பாட்டுக்குக் கொஞ்சம் கூட்டி, பூட்டு இல்லாததற்குக் கொஞ்சம் கழித்துப் பேசி முடித்தேன். வாங்குவது ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் சங்கம், புதிதாகக் கட்டிய மன்றத்துச் சுவருக்காக. ஒரே நிபந்தனை: நீராவி இன்ஜின் ஓட்டிய அவர்கள் தலைவர் வந்து பார்த்து, "இது ஓடும்" என்று சொல்ல வேண்டும்.

விலையைக் கேட்டுத் தங்கை சிரித்தாள். நிபந்தனையைக் கேட்ட பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் ஊரார் கதவுகளில் கொடியும் கிளியும் செதுக்குகிறவள். அவளுக்கென்று இருந்தது கடை திறக்கும் முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம். அதில் இன்ஜின் மட்டும்தான். ஒரு பழைய புகைப்படத்தைச் சுவரில் ஒட்டி, கொதிகலனின் உருண்டை முழுவதையும் ஓர் அங்குல ஆழத்துக்குள் ஏமாற்றிக் கொண்டுவந்திருந்தாள். வியாபாரத்தில் நான்கூட அவ்வளவு நேர்த்தியாக ஏமாற்றியதில்லை. தகடுகளை இணைக்கும் குமிழ் ஆணிகள், அதாவது ரிவிட், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. கடைசி ஒன்றை மட்டும் உருட்டாமல் சதுரக் கட்டையாக விட்டுவைப்பாள். சுவரில் ஏறிய பிறகுதான் அதில் உளி படும். "முடிஞ்சிடுச்சுன்னு முன்னாடியே சொல்லிட்டா கை சோம்பேறி ஆயிடும்ணா" என்பாள்.

தலைவர் வந்த அன்று புகையும், ஓட்டுநர் உருவமும் மட்டும் பாக்கி. இரண்டுக்குமான மரம் வெட்டாமல் மொத்தையாக நின்றது. கிழவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சக்கரங்களின் மேல் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏம்மா, இது பின்னால போகுதே."

அவர் விளக்கினார்: சக்கரங்களுக்கு மேலே வளைந்த இரும்புத் துண்டு ஒன்று. அதில் நுழையும் தண்டு கீழே இருந்தால் அந்த ரக இன்ஜின் முன்னால் போகும், மேலே இருந்தால் பின்னால். படத்தில் இருந்தது மேலே. அவள் மயிரிழை பிசகாமல் அப்படியே செதுக்கியிருந்தாள்.

கூட வந்திருந்த பொருளாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பின்னால போற வண்டின்னா விலையும் கொஞ்சம் பின்னால வரணும்ல?"

நான் தங்கையின் காதோடு சொன்னேன்: "ஒரு துண்டு ஒட்டிப் பாலீஷ் அடிச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ணா."

கதவென்றால் வேறு கதவு செய்யலாம். இது ஒரே பலகை. எடுத்த மரம் எடுத்ததுதான். பதினான்கு மாதக் காலை நேரம் தரையில் சுருள் சுருளாகக் கிடந்தது. அவள் உதட்டைக் கடித்தபடி அந்த இரண்டு மொத்தைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிழவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, பின்னால எடுக்கும்போது நீங்க எப்படி நிப்பீங்க?"

"இப்படித்தான்." கிழவர் எங்கள் பட்டறை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தள்ளி, ஒரு கையால் இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைப் பின்னால் திருப்பினார். "பெட்டிகளைக் கோக்கப் போறப்ப கண்ணு பின்னாலதான் இருக்கணும். இடிச்சா உள்ள இருக்குறவன் டீயெல்லாம் மடியில."

"அப்படியே இருங்க! அசையாதீங்க." பென்சிலை எடுத்துவிட்டாள். முக்கால் மணி நேரம். தெருவில் போனவர்கள், கிழவர் ஜன்னலில் மாட்டிக்கொண்டார் என்று இழுக்க வந்தார்கள். "போங்கடா, வண்டி ஓட்டிட்டு இருக்கேன்" என்று விரட்டினார்.

நான் பொருளாளரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன். "சார், இன்ஜின் சும்மா பின்னால போகல. ஒன்பது பெட்டியைக் கோத்துக்கப் போகுது. அதுக்கெல்லாம் நான் இன்னும் விலையே சொல்லல."

மனிதர் தள்ளுபடிப் பேச்சை அதோடு விட்டார்.

பத்தாம் நாள் பலகை மன்றத்துச் சுவரில் ஏறியது. புகை முன்பக்கம் சாய்ந்திருந்தது. மர ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்கப் பின்னால் பார்த்தார். நாற்பது கிழவர்கள் சுவரை நெருங்கி நின்றார்கள். தலைவர் "ஓடும்" என்று சொல்லவில்லை. இன்ஜினின் வால் பக்கம் நின்றிருந்தவர்களைப் பார்த்து, "தள்ளி நில்லுங்கப்பா, வருதில்ல" என்றார். இரண்டு பேர் நிஜமாகவே தள்ளி நின்றார்கள்.

தங்கை ஏணியில் ஏறி, கடைசிச் சதுரத்தை உருட்டினாள். மரச்சுருள் ஒன்று தலைவரின் செருப்பில் விழுந்தது. அவர் காலை உதறவில்லை. இறங்கியவள் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இன்ஜினுக்குப் பின்னால் வெறுமையாய்க் கிடந்த நீளச் சுவரைச் சாண் சாணாக அளந்துகொண்டே நடந்தாள்.

கடைப் பழக்கம், நான் எண்ணிப் பார்த்தேன். இன்ஜின் ஒன்று. ரிவிட் முந்நூற்றுப் பன்னிரண்டு, சரி. பாக்கி, பெட்டி ஒன்பது.