ஊதினால் தெரிந்துவிடும்

கால் நசுங்கிக் கிடக்கிறவன் வாயில் குழாயைச் செருகினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவருக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இருபது வருடமாகக் கழிவுநீர் லாரி ஓட்டுகிறவர் அவர். வீடு வீடாகக் கக்கூஸ் தொட்டியை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுகிற பிழைப்பு. எந்த நாற்றத்துக்கும் முகம் சுளிக்காத மனிதர் இப்போது முகத்தைச் சுளித்தார்.

"நல்லா இழுத்து ஊதுப்பா. சத்தம் வர்ற வரைக்கும் விடக்கூடாது" என்றார் சோதனைக்காரர்.

பெஞ்சில் கிடந்தவன் டிரைவருடைய மச்சினன். மனைவிக்கு ஒரே தம்பி. இவர் லாரியிலேயே ஹெல்பராக இருந்தான். சற்று முன்புதான் அது நடந்தது. டெப்போவின் சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு டிரைவர் இறங்கினார். மச்சினன் பின்னால் போய் ஹோஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஹேண்ட்பிரேக் நிற்கவில்லை. வண்டி தானாகப் பின்னால் உருண்டு, அவன் முழங்காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. டிரைவர் ஓடிப் போய் ஏறி வண்டியை முன்னால் எடுப்பதற்குள் அவன் கத்தி முடித்துவிட்டு மயங்கியிருந்தான்.

டிரைவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் சோதனைக்காரரைக் கூப்பிட்டார். கம்பெனி வண்டி எங்காவது இடித்தால், அதில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் குடித்திருக்கிறார்களா என்று உடனே மிஷினில் ஊதிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்கென்று வெளி ஆபீஸ் ஒன்றிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு ஆள் வருவார். ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஸ்கூட்டர் வந்து சேர்ந்தது. எவ்வளவு அக்கறை பாருங்கள்.

தண்ணீர் தெளித்து எழுப்பியிருந்த மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினான். மிஷின் கீச்சென்றது. முப்பத்தெட்டு.

"குடிச்சிருக்கான்" என்றார் சூப்பர்வைசர், இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி. "குடிச்சிட்டு வண்டிக்குப் பின்னாடி போய் நின்னா வேற என்ன ஆகும்? இதுக்கெல்லாம் கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவு பார்க்காது சார். குடிச்சவனுக்குக் கிடையாதுன்னு தெளிவா போட்டிருக்கு."

டிரைவர் அவர் முகத்தையே பார்த்தார். டெப்போவில் அந்த ஆளுக்குச் சென்ட்டு என்று பெயர். காலையில் சட்டை நனைகிற அளவுக்குச் சென்ட் அடித்துக்கொண்டு வருவார். ஆபீஸ் அலமாரிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேன் இருக்கும். அதில் இருப்பது சாராயம். டெப்போவில் அதற்கு மருந்து என்று பெயர். தொட்டிக்குள் இறங்கிக் கட்டியானதை வாரிப் போட வேண்டிய ஹெல்பர்களை விடிந்ததும் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். மூக்கு செத்தால்தான் வேலை நடக்கும் என்று தத்துவம் வேறு. வேண்டாம் என்றவனை அன்றைக்கு வேலைக்கு அனுப்ப மாட்டார். ஊற்றி முடித்ததும், மீதியைத் தானும் ஒரு டம்ளர் போட்டுக்கொண்டு சென்ட்டைத் தெளித்துக்கொள்வார். இன்று காலையிலும் இதே சடங்கு நடந்தது. அந்த வாய்தான் இப்போது நாக்கில் நரம்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தது.

மச்சினன் கண்ணைத் திறந்து இவரைத் தேடினான். "மாமா, குடிச்சேன்னு வீட்டுல சொல்லிடாதீங்க. அக்கா அழும்."

"பேசாம படுடா மாப்ளே."

ஆம்புலன்ஸ் வந்து அவனை எடுத்துக்கொண்டு போனது. துணைக்கு இன்னொரு ஹெல்பர் ஏறிக்கொண்டான். காலைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்ய வேண்டும், பணத்துக்கு யார் பொறுப்பு என்று இறங்கியவுடன் கேட்பார்கள் என்று ஆம்புலன்ஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். டிரைவரால் போக முடியவில்லை. அவரும் ஊத வேண்டியிருந்தது.

ஊதினார். பூஜ்யம்.

"பார்த்தீங்களா சார், தங்கமான மனுஷன்" என்று சென்ட்டு அவர் தோளில் கையைப் போட்டார். சென்ட் வாசனையும் அதற்கு அடியில் புளித்த வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. தொட்டி நாற்றம் இதைவிட ஆயிரம் மடங்கு மேல். அதில் பொய் கிடையாது. "இவர் மேல ஒரு தப்பும் இல்ல. வண்டி மேலயும் தப்பு இல்ல. எல்லாம் அவன் போதையில வந்தது."

"ஹேண்ட்பிரேக் நிக்கலைன்னு மூணு தடவை சொன்னேனே சார்" என்றார் டிரைவர்.

"ஹேண்ட்பிரேக்குக்கு என்ன கேடு? கல்லு மாதிரி நிக்குது." சென்ட்டு அவரைத் தனியே தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "முட்டாள்தனமா பேசாத. நீ தப்பிச்சிட்டே. முதலாளி வர்றதுக்குள்ள வண்டியை ஷெட்டுல விட்டுட்டு, சுவத்துல இருக்கறதைக் கழுவி விடச் சொல்லு."

சுவரில் இருந்தது மச்சினனுடைய ரத்தம். கழுவி விட வேண்டுமாம். சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கும் இதற்கும் அந்த ஆளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. டிரைவருக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. ஓங்கி ஒரு அறை விட்டால் மனசு ஆறும். ஆனால் அறைக்கு ஆஸ்பத்திரிக்காரன் ஆபரேஷன் செய்ய மாட்டான்.

அவர் யோசித்தார். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னார்: "சரிங்க சார். ஷெட்டுல எந்த ஓரமா விடணும்னு நீங்களே ஏறி வந்து காட்டுங்க. நான் பாட்டுக்கு எங்கயாவது விட்டு, அப்புறம் முதலாளி கேட்கப் போறாரு."

சென்ட்டு சந்தோஷமாக ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சோதனைக்காரர் அப்போதுதான் மிஷினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து ஹெல்பர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். டிரைவர் வண்டியை எடுத்துச் சரிவில் ஏற்றி, முன்பு நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தலையை வெளியே நீட்டி இன்னொரு தடவை பார்த்தார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஈ காக்கை இல்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்.

"எங்கய்யா போற?"

"ஷெட் கதவைத் திறக்கணுமே சார். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன். கல்லு மாதிரி நிக்கும், உட்காருங்க."

வண்டி ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் மெதுவாக நகர்ந்தது. சென்ட்டு முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அலறினார். வண்டி அலுங்காமல் பின்னால் உருண்டு போய் அதே சுவரில் இடித்து நின்றது. தலையைத் தடவிக்கொண்டு அவர் இறங்கினார்.

"கொலைகாரப் பாவி. சார், பார்த்தீங்களா, வேணும்னே பண்ணிட்டான்."

சோதனைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாத மனிதர். சட்டத்தில் இருப்பதைச் செய்வார், இல்லாததைச் செய்ய மாட்டார். பெட்டியைத் திரும்பத் திறந்தார். "ஹேண்ட்பிரேக் நிக்கல. எழுதிக்கிறேன். வண்டி இடிச்சிருக்கு. வண்டிக்குள்ள இருந்தது நீங்க. ஊதுங்க."

"நான் சூப்பர்வைசர் சார்."

"சம்பளம் வாங்குறீங்கல்ல? ஊதுங்க."

ஹெல்பர்கள் கிட்டே வந்து சுற்றி நின்றார்கள். தப்பிக்க வழியில்லாமல் சென்ட்டு குழாயை வாயில் வைத்தார். பாதி ஊதிவிட்டு இருமினார். திரும்ப ஊத வைத்தார்கள். உதட்டோரம் எச்சில் ஒழுகிக் குழாய் வழியே இறங்கியது. மிஷின் கீச்சென்றது. அறுபத்தொன்று.

எவனோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் சென்ட்டை உடைத்தது.

"என்னடா இளிப்பு? நான் மட்டுமா குடிக்கிறேன்? சார், இவனுங்க எல்லாரையும் ஊதச் சொல்லுங்க. குடிக்காம எவன் அந்தக் குழியில இறங்குவான்? நீங்க இறங்குவீங்களா? கம்பெனி கேன் கேனா வாங்கிக் கொடுக்குது, நான் ஊத்தறேன். காலையில அவனுக்கும் நான்தான் ஊத்தினேன். முதலாளிக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். சோதனைக்காரர் அதையும் எழுதிக்கொண்டார். கேட்டவர்கள் யார் யார் என்று ஹெல்பர்களைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கையைத் தூக்கினார்கள். "வேலை நேரத்துல கம்பெனியே ஊத்திக் கொடுத்ததுன்னா, குடிச்சான்னு சொல்லி அந்தப் பையன் செலவைத் தட்டிக் கழிக்க முடியாது" என்றார். டிரைவருக்கு மூச்சு வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஆபரேஷன் செய்யச் சொல்ல வேண்டும் என்று திரும்பினார்.

"இருங்க. நீங்களும் இன்னொரு தடவை ஊதணும். வண்டி ஓட்டினது நீங்கதானே."

புதுக் குழாயை மாட்டி நீட்டினார். டிரைவர் ஊதினார். மறுபடியும் பூஜ்யம்.

சோதனைக்காரர் முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். குரலில் மரியாதை கூடியிருந்தது. "இத்தனை பேரும் குடிக்கிற இடத்துல நீங்க மட்டும் எப்படிங்க தொடாம இருக்கீங்க?"

"நான் குழிக்குள்ள இறங்குறதில்ல சார்" என்றார் டிரைவர். "என் மச்சினனை இறக்கிவிடுறேன்."